என் மகள் அழவேண்டும் என்று ஜெபித்தேன்

என் கணவர் மஞ்சள் காமாலையில் பதினொரு நாள் கிடந்தார். பதினொரு நாளும் நான் ஜெபித்தேன். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தேன். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சபையார் வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் போய்விட்டார். அது 1973, ஐப்பசி மாதம். எனக்கு முப்பது வயது. எங்கள் ஒரே மகள் லில்லிக்கு ஏழு வயது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்தது என்று சாட்சி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தப் பதினொரு நாள் ஜெபத்துக்கு நான் கேட்ட பதில் வரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதை மூடி மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு மனமில்லை.

என் பெயர் எஸ்தர். பிறந்தது நாசரேத் பக்கம். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து, ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை வேலை பார்த்தேன். என் கணவர் துறைமுகத்தில் லாஞ்ச் படகு ஓட்டுகிறவர். அப்போது பெரிய கப்பலெல்லாம் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களை அங்கே கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கூட்டிவருவது அவர் வேலை. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீடு. அடுத்த வீட்டில் பெர்னதத்து அக்கா. அவர்கள் கத்தோலிக்கர். அக்காவின் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர்.

எங்கள் ஆட்கள் சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பதில்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப் போல மாரடித்து அழக் கூடாது என்று சொல்லியே வளர்ப்பார்கள். பாட்டுப் பாடுவோம். கண்ணீர் வந்தால் முந்தானையால் ஒற்றிக்கொள்வோம். எனக்கு ஒற்றிக்கொள்ளவும் ஒன்றும் வரவில்லை. பெட்டிக்குள் அவருடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை நேராக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. நேராக்கினேன். பெர்னதத்து அக்காதான் எனக்கும் சேர்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளுடைய காதில் ஆடுகிற கம்மலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாட்கள் போயின. எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்தேன், சமைத்தேன், பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். ஐந்தாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கத் துக்கமும் வேண்டாம், சந்தோஷமும் வேண்டாம், வாய் இருந்தால் போதும். ஒருநாள் குழம்பில் உப்புப் போடவே இல்லை. லில்லி சொல்லித்தான் தெரிந்தது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு உப்பை மறந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் விளக்கேற்றியதும் வேதம் வாசித்து ஜெபம் பண்ணுவோம். வார்த்தைகள் அதுபாட்டுக்கு வந்தன. யாரிடம் பேசுகிறேன் என்று ஓர் உணர்வும் இல்லை. ஆண்டவர் மேல் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கோபப்படவும் உள்ளே கொஞ்சம் சூடு வேண்டுமே. எனக்குள் அடுப்பு அணைந்து சாம்பலும் ஆறிக் கிடந்தது.

இந்த நிலையில்தான் பிடியரிசி விஷயம் நடந்தது.

எங்கள் சபை வீடுகளில் அது ஒரு வழக்கம். உலைக்கு அரிசி எடுத்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபித்து, அடுப்பங்கரை மூலையில் இருக்கிற கலயத்தில் போடவேண்டும். சனிக்கிழமை தோறும் பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போவார். எங்கள் சபையில் அந்த அரிசி ஒரு பிள்ளைகள் விடுதிக்குப் போயிற்று. எங்கள் தெருவுக்கு வருகிறவர் ஜெபமணி அக்கா. அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கையில் துணிப்பை, வாயில் எப்போதும் ஒரு ஸ்தோத்திரம்.

என் கணவர் நன்றாகச் சாப்பிடுவார். கடலில் வேலை செய்கிற உடம்பு. அவர் போனபிறகும் என் கை பழைய அளவிலேயே அரிசி அளந்தது. சுளகில் போட்டுக் கல் பொறுக்கும்போதுதான் அவருடைய பங்கும் சேர்ந்து வந்திருப்பது தெரியும். அதைத் திரும்பச் சாக்கில் கொட்ட என்னால் முடியவில்லை. கொட்டினால், உங்களுக்கு இனிமேல் சோறு கிடையாது என்று அவரிடம் சொன்ன மாதிரி இருந்தது. வடித்தால் தின்ன ஆளில்லை. அதனால் கலயத்தில் போட்டேன். மறுநேரமும் அப்படியே. காணிக்கை என்ற நினைப்பே கிடையாது. கண்ணை மூடவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஜெபமணி அக்கா கலயத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள்.

"ஏளா எஸ்தரு, என்ன இது, கலயம் தளும்புது?"

"இருக்கட்டும் அக்கா, கொண்டு போங்க."

"தாலி அறுத்து ஒரு மாசம் ஆகல்ல. இந்த நெலமையிலயும் ஆண்டவருக்கு இப்பிடி அள்ளிக் குடுக்கியே. ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா ஒனக்கு? என்ன விசுவாசம் தாயே!"

நான் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். கலயத்தைக் கவிழ்த்து அவர்கள் பையில் கொட்டினேன். அடுத்த வாரம் அக்கா பெரிய பையாகக் கொண்டுவந்தார்கள்.

கார்த்திகை முடிவதற்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. போதகர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர் பிள்ளைகளிடம், "லில்லி அம்மாவைப் பாருங்க, அழவே மாட்டாங்க, அதுதான் விசுவாசம்" என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லோரும் என்மேல் பிரியமாகத்தான் இருந்தார்கள்.

1974 ஜனவரியில் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போனேன். அறுபது எழுபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். லில்லி முன்வரிசையில் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். நான் எழுந்து நின்று, அவர்கள் எதைக் கேட்க வந்திருந்தார்களோ அதைச் சொன்னேன். அவர் இறந்த நாளிலிருந்து என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்றேன். அது உண்மை. ஆண்டவர் என் உள்ளத்தைச் சந்தோஷத்தால் நிரப்பிவிட்டார் என்றேன். அது பச்சைப் பொய். பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் துடைக்கவில்லை. அதற்கும் சேர்த்து ஓர் ஆமென் சொன்னார்கள்.

பொய் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

மாசி மாதம். ஒரு சனிக்கிழமை பிற்பகல். பெர்னதத்து அக்கா லில்லியை மடியில் போட்டுப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு சத்தம்.

"ஏளா எஸ்தரு! இங்கன வாளா! வந்து பாரு!"

போனேன். அக்கா லில்லியின் பள்ளிக்கூடத்து ஷூவையும் காலுறையையும் கழற்றியிருந்தாள். சுற்றியிருந்த ஒரு கந்தல் துணியையும் அவிழ்த்திருந்தாள். வலது உள்ளங்கால் வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து சீழ்.

"தோணி பழுது பாக்குற எடத்துல வெளையாடப் போயி துருப்பிடிச்ச ஆணி குத்திருக்கு. அஞ்சு நாளாச்சாம். ஒடம்பு அனலாக் கொதிக்கி. ஒரே குசினில ஒண்ணாத் திங்கிய, ஒரே பாயில படுக்கிய, ஒங் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

லீவு நாளில் வீட்டுக்குள் இந்தப் பிள்ளை ஏன் ஷூ போட்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நொண்டியதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தேனோ என்னவோ. பார்த்தது ஒன்றும் உள்ளே போகாத காலம் அது.

"ஏம் லில்லி அம்மாட்ட சொல்லல்ல?" என்று கேட்டேன்.

காய்ச்சலில் சிவந்த கண்ணோடு அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "நா அழல்லம்மா. ஆணியப் புடுங்கும்போதுகூட அழல்ல. ஒரு சொட்டு வரல்ல. நீங்க அப்பாவுக்கே அழல்லல்லா?"

பெர்னதத்து அக்கா என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து ஓடிப்போய் ரிக்‌ஷா கூட்டிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எத்தனை நாள் என்று கேட்டார்கள். ஐந்து நாள் என்று அக்காதான் சொன்னாள். லில்லியை மேசையில் படுக்கவைத்தார்கள். அவள் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்தது. இரண்டு கையும் முஷ்டி. தாடை இறுகிப் போயிருந்தது.

"வாயத் திற பாப்பா."

லில்லி திறக்கவில்லை.

"கொஞ்சம் திற கண்ணு. நாக்க நீட்டு."

திறக்கவில்லை. டாக்டரம்மா இரண்டு விரலால் தாடையை அழுத்திப் பார்த்தார்கள். கழுத்துக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். நர்ஸிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்போ இருந்து வாயத் திறக்கல?" என்று கேட்டார்கள். குரல் தணிந்திருந்தது. வீட்டில் பேசியவள், ரிக்‌ஷாவில் ஏறியதிலிருந்து வாய் திறக்கவில்லை. துரு ஆணி குத்தினால் தாடை பூட்டிக்கொண்டு பிள்ளைகள் செத்துப்போவது கடற்கரைத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பக்கத்தில் நின்ற பெர்னதத்து அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

மேசை விளிம்பின் இரும்பு என் கையில் சில்லென்று பட்டது. நாலு மாதத்தில் என் உடம்பில் நான் உணர்ந்த முதல் விஷயம் அந்தச் சில்லிப்புதான்.

நான் முழங்கால் போடவில்லை. கண்ணை மூடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே உள்ளுக்குள் சொன்னேன். ஆண்டவரே, இவள் அழட்டும். எனக்கு விசுவாசம் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. நான் சொன்ன சாட்சி பொய் என்று உமக்குத் தெரியும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். என் பிள்ளை வாயைத் திறந்து அழட்டும்.

அவ்வளவுதான் ஜெபம். ஸ்தோத்திரமும் இல்லை, முடிவில் ஆமெனும் இல்லை.

பிறகு லில்லியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "மக்கா, அம்மா அன்னைக்கிக் கூட்டத்துல பொய் சொன்னேன்" என்றேன். "அம்மாவுக்குச் சந்தோஷமே இல்ல. அழாம இருந்தது விசுவாசத்துல இல்ல. அம்மாவுக்கு அழத் தெரியாமப் போச்சு. அப்பா போனது எனக்குத் தாங்க முடியல்ல மக்கா. நீ அழு. ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். சத்தமா அழு."

அவள் என்னையே பார்த்தாள். கீழுதடு துடித்தது. டாக்டரம்மா அந்த நேரம் பார்த்துப் புண்ணை அழுத்தினார்கள்.

லில்லி வாயைத் திறந்தாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதே இல்லை. அந்த வார்டு முழுக்கக் கேட்டது. வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எப்பா, எப்பா" என்று அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். வாய் அகலத் திறந்து, தொண்டைக்குள் உள்நாக்கு ஆடுவதுகூடத் தெரிந்தது. டாக்டரம்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டு மூச்சு விட்டார்கள். "பூட்டல. நல்லாத் திறக்குறா. அழட்டும், அழட்டும்" என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பிள்ளை காலைக் கீறிச் சீழ் எடுக்கிறார்கள், தாய் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். நர்ஸ் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டத் தொடங்கிற்று. நாலு மாதத்துக் கண்ணீரும் சேர்ந்து வந்தது. நான் அவருக்காக அழுதேன். மடிந்த காலருக்காக அழுதேன். பதினொரு நாள் ஜெபத்துக்காக அழுதேன். அதே நேரத்தில் இத்தனை சந்தோஷம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் நெஞ்சில் யாரோ கைவைத்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் என்னை விட்டு எங்கேயும் போகாமல் பக்கத்திலேயே இருந்த ஒருவர் கை. அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஊசி போட்டு, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஆறு நாளும் நானும் லில்லியும் அவரைப் பற்றிப் பேசினோம். அவர் சாப்பிடும்போது குழம்பை இலை முழுக்க ஓடவிடுவது, பாட்டுப் பாடினால் சுருதி சேராமல் போதகரே சிரிப்பது, எல்லாம் பேசினோம். பேசிச் சிரித்தோம், பேசி அழுதோம். பெர்னதத்து அக்கா தினமும் சாளை மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். முதல் வாய் வைத்ததும், "அக்கா, உப்பு கூடிப்போச்சு" என்றேன்.

"அப்பிடியா? நாலு மாசமா நீ வைக்கிற கொழம்பத் தின்ன புள்ளைக்கி இது எப்பிடி இருக்குன்னு கேளு" என்றாள்.

வீடு திரும்பியதும் பெண்கள் கூட்டத்துக்குப் போனேன். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. எழுந்து நின்று, சென்ற மாதம் நான் சொன்னது பொய் என்றேன். கலயத்தில் போட்டது காணிக்கை இல்லை, செத்துப்போன மனுஷனுடைய சாப்பாடு, வைக்க வேறு இடம் தெரியாமல் வைத்தேன் என்றேன். என் பொய்யைக் கேட்டு என் பிள்ளை ஐந்து நாள் வலியை மறைத்ததையும் சொன்னேன். சங்கத்தை விட்டே தள்ளிவைப்பார்கள் என்று நினைத்தேன்.

ஜெபமணி அக்காதான் முதலில் எழுந்தார்கள். "அரிசி விஷயத்த விடு. நீ எந்த மனசோட போட்டாலும் அதத் தின்ன புள்ளைக வயிறு நெறஞ்சிச்சுல்லா" என்றார்கள். பிறகு மெல்லச் சொன்னார்கள்.

"எம் மவன் கடல்ல போயி பதினாறு வருஷமாச்சு. அன்னைக்கி நானும் அழல்ல. என்னையும் இப்பிடித்தான் எல்லாரும் பாராட்டுனாவ. அதுக்கப்புறம் எப்பிடி அழ முடியும், நீயே சொல்லு. அதத்தான் ஒனக்கும் செஞ்சிட்டேன் எஸ்தரு."

அக்கா அப்படியே பாயில் உட்கார்ந்து அழுதார்கள். அறுபது வயதுப் பெண் சின்னப்பிள்ளை மாதிரி விம்மி அழுதார்கள். நாங்கள் யாரும் பாட்டுப் பாடி அதை அமர்த்தவில்லை. எல்லோரும் நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டோம். அக்கா தம் மகன் பெயரைச் சொன்னதை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். அவன் பெயர் தேவதாஸ்.

இது நடந்து ஐந்து வருஷமாயிற்று. லில்லி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். உள்ளங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. நான் இன்னும் அதே பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன். அவர் இல்லாதது இன்றைக்கும் வலிக்கிறது. ஐப்பசி வந்தால் அழுவேன். ஆனால் ஆராதனையில் பாட்டு எடுத்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கி வருகிறது, கன்னத்தில் கண்ணீர் காய்வதற்குள்ளேயே வருகிறது. நம் ஆண்டவர் தம் சிநேகிதனுடைய கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதவர். அவர் முன்னால் நான் எதற்கு நடிக்க வேண்டும்?

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது உள்ளே ஒன்றும் இல்லாமல், எல்லாம் மரத்துப்போயிருந்தால், இல்லாததை இருக்கிறதென்று சொல்லி ஜெபிக்காதீர்கள். "எனக்கு ஒன்றும் இல்லை ஆண்டவரே" என்று சொல்லுங்கள். அந்த ஜெபத்தை அவர் கேட்கிறார். எனக்குத் தெரியும்.

உங்கள் சபையில் கண்ணீர் விடாத ஒரு விதவையைப் பார்த்தால், தயவுசெய்து அவளை மேடையேற்றிப் பாராட்டாதீர்கள். அவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். செத்தவருடைய பெயரைச் சொல்லி, அவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள்.

என் கணவர் பெயர் தங்கராஜ். நல்ல மனுஷன்.